பெட்டிக்குள் எரிந்த பல்பு

தம்பிகளே, போன வாரம் எஸ்டேட் ஆபீசில் உங்கள் புதிய கம்ப்யூட்டர் அறையைப் பார்த்துவிட்டுப் போகும்படி கூப்பிட்டிருந்தீர்கள். வந்தேன். கதவைத் திறந்ததும் பல் கிட்டிவிட்டது. வெளியே மேகம் சன்னலை உரசிக்கொண்டு போகிறது. கொழுந்து பறிக்கிற பெண்கள் இரண்டு சுவெட்டர் போட்டிருக்கிறார்கள். நீங்களோ உள்ளே ஏர்கண்டிஷனை ஓடவிட்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். ஏன் என்று கேட்டேன். "மிஷின் சூடாகிடும் அங்கிள்," என்றார் ஒரு தம்பி, பாலர் பள்ளிப் பிள்ளைக்குச் சொல்வதுபோல.

நான் சிரித்தேன். உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை. இந்தக் கேமரன் மலையில், இந்தக் குளிரில், கம்ப்யூட்டர் சூட்டால் சாவதை உங்களுக்கு முன்பே பார்த்தவன் நான். பார்த்தவன் என்ன, கொன்றவனே நான்தான். ஐம்பத்தைந்து வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். தலையில் பாதி முடி இன்னும் கறுப்பு, அதில் பாதி சாயம். இதற்கு மேல் மானத்தைக் காப்பாற்றி என்ன செய்யப் போகிறேன்? சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் பின்பாதி. நான் அப்போது எஸ்டேட் ஆபீசில் பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா. கோலாலம்பூர் தலைமை அலுவலகத்தில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் வாங்கினார்கள். எல்லா எஸ்டேட் கணக்கையும் கீழே கொண்டுபோய்விடலாம், மேலே ஆபீசுக்கு ஒரு ஆள் போதும் என்று பேச்சு அடிபட்டது. அந்த ஒரு ஆள் நான். போகவேண்டியவர் டைப்பிஸ்ட் கமலா. அவர் கணவருக்கு இங்கே தானா ராத்தா டவுன் ஆஸ்பத்திரியில் வேலை, மாமியாருக்கு நடக்க முடியாது, பிள்ளைகள் இங்கே படிக்கின்றன. "கே.எல்.லுக்கு வந்தா வேலை உண்டு" என்பது அவருக்கு "வேலை இல்லை" என்று சொல்வதுதான்.

இதை எஸ்டேட் மேனேஜர், எங்கள் துரை, எங்களிடம் சொன்ன அன்று கமலா தன் மேசைக்குப் போனார். டைப்ரைட்டரில் புது ரிப்பன் மாட்டினார். ரிப்பன் நேற்றுத்தான் மாட்டியது. அதைப் பார்த்ததும் எனக்குள் இருக்கிற கோமாளி வாயைத் திறந்துவிட்டான்.

"துரை, நாமே ஒரு கம்ப்யூட்டர் செஞ்சுடலாம். இங்கேயே கணக்கு போட்டு, டிஸ்க்ல அனுப்பிடலாம்."

எங்கள் துரை பேராக் மாநிலத்துக்காரர், தமிழர், அதிகம் பேசமாட்டார். என்னை மேலும் கீழும் பார்த்தார். "செய்யத் தெரியுமா?"

"ரேடியோ எல்லாம் செஞ்சிருக்கேன்."

"உங்க ரேடியோவில சிலோனும் சீனாவும் ஒண்ணா பாடுதுன்னு கேள்விப்பட்டேன்," என்றார். ஆனாலும் சரி என்றார். கோலாலம்பூரிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்ப்பார், அவர் முன்னால் அது ஓடினால் கணக்கு மலையிலேயே இருக்கும், ஓடாவிட்டால் இல்லை. அவ்வளவுதான் பேச்சு.

கீழே ஈப்போ டவுனில் பாகங்கள் வாங்கினேன். பலகைகள், டிஸ்க் டிரைவ், விசிறி வைத்த பவர் சப்ளை, கனமான தகரப் பெட்டி. எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு தாப்பா ரோட்டு வளைவுகளில் ஏறி வந்தேன். இரண்டு ஞாயிற்றுக்கிழமை பூட்டினேன். ஓடியது. எனக்கே நம்பிக்கை வரவில்லை. கமலா திரையில் தன் பெயரை அடித்துப் பார்த்தார், அழித்தார், மறுபடி அடித்தார். "அழிக்கிற ரப்பரே வேணாம் போல," என்றார். அன்றுதான் பல நாளைக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களை வந்தது.

இங்கேதான் நான் செய்த பெரிய காரியத்தைச் சொல்லவேண்டும்.

உங்களில் கீழ்நாட்டிலிருந்து வந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். நம் மலையில் அலமாரி என்றால் உள்ளே ஒரு பல்பு எரியும். துணி தேடுவதற்கு இல்லை, ஈரத்துக்கு. இங்கே தோல் செருப்பை ஒரு வாரம் மூலையில் விட்டால் அது பச்சை பூத்துவிடும். கல்யாணப் பட்டு, கேமரா, பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அந்த நாற்பது வாட் பல்புதான் காப்பாற்றுகிறது. அதை யாரும் அணைப்பதில்லை. சாமி விளக்கை மறந்தாலும் அலமாரி விளக்கை மறக்கமாட்டோம். எங்கள் ஆபீஸ் அலமாரிகளிலும் அப்படியே எரிந்தது, கமலாவின் அலமாரி உட்பட.

இவ்வளவு ஆசையாகச் செய்த கம்ப்யூட்டரை ஈரம் தின்ன விடுவேனா? தகரப் பெட்டிக்குள் இன்னொரு டிரைவ் வைப்பதற்கான இடம் காலியாகக் கிடந்தது. அதில் ஒரு ஹோல்டரைப் பொருத்தி, ஒரு நாற்பது வாட் பல்பை மாட்டி, தனி வயர் இழுத்துச் சுவரில் செருகினேன். மூடியைப் போட்டேன். குழந்தைக்குக் கம்பளி போர்த்திவிட்ட தகப்பனைப் போலத் திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாளிலிருந்து ஆரம்பித்தது.

காலையில் ஓடும். கொஞ்ச நேரத்தில் திரை அப்படியே நின்றுவிடும். அணைத்துப் போட்டால் இன்னும் சீக்கிரம் நிற்கும். பெட்டியைத் தொட்டால் வடை சுட்ட சட்டி மாதிரி இருக்கும். சரி, சூடுதான் காரணம் என்று மூடியைக் கழற்றினேன். நன்றாக ஓடியது. மூடினேன், நின்றது. திறந்தேன், ஓடியது.

"அப்ப திறந்தே வெச்சிருங்களேன் அண்ணே," என்றார் கமலா.

திறந்து வைக்க முடியாது. எங்கள் ஆபீஸ் தேயிலை சலிக்கிற அறைக்குப் பக்கத்தில். அங்கிருந்து பஞ்சு மாதிரி தூசி பறந்து வந்து, மத்தியானத்துக்குள் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். பலகைகள்மேல் அது படிந்தால் கதை வேறு மாதிரி முடியும். ஆகவே யோசித்து, வீட்டிலிருந்து சாப்பாட்டை மூடுகிற வலைக் கூடையைக் கொண்டுவந்து கம்ப்யூட்டர்மேல் கவிழ்த்தேன்.

துரை அந்த வழியாகப் போனார். நின்றார். கூடையைப் பார்த்தார்.

"என்ன, மீன் குழம்பா?"

"கம்ப்யூட்டர், துரை."

"ஈ மொய்க்குதா?" என்று கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார். வலை போட்டும் தூசி நின்றபாடில்லை. கூடை வீட்டுக்குத் திரும்பிப் போனது. அதற்குள் என் வீட்டில் சாம்பாரில் ஒரு பல்லி விழுந்திருந்தது. அதற்கும் கம்ப்யூட்டர்தான் பொறுப்பு என்று என் மனைவி தீர்ப்பு சொல்லிவிட்டார்.

அதன் பிறகு நான் செய்தவற்றை வரிசையாகச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. மேசை விசிறியைப் பெட்டிக்கு முன்னால் வைத்தேன், சூடு குறையவில்லை. சன்னலுக்கு நனைத்த சாக்கு கட்டினேன். எனக்குச் சளி பிடித்தது. டிஸ்பென்சரியில் காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டரை இரவல் வாங்கிப் பெட்டிக்குள் வைத்தேன். பாதரசம் மேல் முனைக்குப் போய் அதற்கு மேல் போக இடமில்லாமல் நின்றது. "இந்த அளவு காய்ச்சல்னா ஆள் போயிருப்பாரே, யாரு?" என்று, அதைத் திருப்பிக் கொடுத்தபோது, அங்கே மருந்து கொடுக்கிற டிரஸ்ஸர் கவலையாகக் கேட்டார். நான்தான் என்று சொல்லலாமா என்று யோசித்தேன்.

ஒவ்வொரு தடவையும் மூடியைக் கழற்றி, தலையை உள்ளே விட்டு, எந்தப் பாகம் சூடாகிறது என்று தேடுவேன். இண்டு இடுக்கு எல்லாம் நன்றாகத் தெரியும். வெளிச்சம் போதவில்லை என்று ஒரு நாளும் தோன்றவில்லை. டார்ச் லைட்கூடத் தேவைப்படவில்லை. தம்பிகளே, புரிகிறதா? அந்தப் பல்பின் வெளிச்சத்தில்தான் நான் சூட்டுக்குக் காரணம் தேடிக்கொண்டிருந்தேன்.

அதிகாரி வரும் தேதியும் வந்துவிட்டது. கமலா என்னிடம் எதுவும் கேட்பதில்லை. கேட்காமல் இருப்பதுதான் பெரிய தொந்தரவு. பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஈப்போவுக்கு இறங்கினேன். வளைவில் ஆடி உடைந்துவிடும் என்று பல்பை மட்டும் பத்திரமாகக் கழற்றித் துணியில் சுற்றி என் மேசை டிராயரில் வைத்துவிட்டுப் போனேன்.

கடை முதலாளி கொஞ்சம் தமிழ் பேசுகிற சீனர். விஷயத்தைச் சொன்னேன்.

"கேமரன்ல சூடா? என்னா லா பேசுறே. நாங்க சூடு தாங்காம அங்க வர்றோம். நீ சூடுன்னு இங்க வர்றே."

கடையில் வைத்து ஓட்டினார். ஈப்போ வெயில், தகரக் கூரை, அவர் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார். மூடி போட்ட பெட்டி நாள் முழுக்க ஓடியது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. தொட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்பு, அவ்வளவுதான். காலி இடத்தில் இருந்த ஹோல்டரைக்கூட அவர் பார்க்கவில்லை. மூடியைத் திறக்கவே அவசியமில்லாமல் போயிற்று.

"மிஷின் நல்லா இருக்கு. உனக்குத்தான் காய்ச்சல்," என்றார்.

நான் திரும்பி வந்தேன். மேசை டிராயரைத் திறந்து, துணியை அவிழ்த்து, பல்பை எடுத்துப் பக்குவமாக மாட்டினேன். மூடினேன். காலையில் ஓடவிட்டேன். நின்றது.

வெயிலில் ஓடுகிறது, குளிரில் சூடாகிறது. எனக்குத் தலை சுற்றியது. இந்த மலைக்காற்றிலேயே ஏதோ இருக்கிறதோ என்றுகூட நினைத்தேன். வெள்ளிக்கிழமை ஒரு எலுமிச்சம்பழத்தைப் பெட்டிமேல் வைத்தேன். பழம் மத்தியானத்துக்குள் வாடிவிட்டது.

அதிகாரி வருவதற்கு முந்திய நாள் எனக்கு ஒரு புதிய ஞானம் பிறந்தது. எஸ்டேட் மின்சாரம் ஏறி இறங்குகிறது, அதனால்தான் சூடு. ஆகவே மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டால் சரியாகிவிடும். ஆபீசில் இருந்த டியூப் லைட் எல்லாவற்றையும் அணைத்தேன். வெளியே மேகம் இறங்கி அடைத்துக்கொண்டிருந்தது. பிற்பகலிலேயே உள்ளே கும்மிருட்டு. கமலா டைப்ரைட்டரில் கையை வைத்தபடி இருட்டில் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே."

"பொறு கமலா. இப்பத்தான் சரியான வழி கிடைச்சிருக்கு."

"அது இல்லண்ணே. உங்க பெட்டிக்குள்ள ரொட்டி சுடுறாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். பெட்டியின் பக்கவாட்டில் காற்றுக்காக விட்டிருந்த கோடுகள் ஒவ்வொன்றிலும் மஞ்சள் வெளிச்சம். இருட்டு ஆபீசில் அது அடுப்பு மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

கமலாதான் மெதுவாகக் கேட்டார்: "அலமாரி பல்பா?"

தலையாட்டினேன்.

"பகல்லயும் எரியுதா?"

"அலமாரி பல்பை எப்பம்மா அணைச்சோம்?" என்றேன்.

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். முதலில் அழுகிறாரோ என்று பயந்தேன். தோள் குலுங்கியது. பிறகுதான் தெரிந்தது. அன்று அவர் சிரித்தது சலிக்கிற அறைவரைக்கும் கேட்டதாம்.

இங்கே கதை முடிந்தது என்று நினைக்கிறீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இதைத்தான் உங்களுக்கு முக்கியமாகச் சொல்ல வந்தேன். கோளாறைக் கண்டுபிடித்தபோது எனக்கு வந்தது நிதானம் இல்லை, ஆத்திரம். அந்தப் பல்பைப் பிடுங்கிக் குப்பை டிரம்மில் எறிந்தேன், உடைந்தது. பெட்டி மூடியைக் கழற்றிவிட்டு, சலிக்கிற அறையில் வேலை நின்ற பிறகு ஆபீஸ் சன்னல்களையெல்லாம் திறந்துவிட்டேன், நன்றாகக் குளிரட்டும் என்று. வீட்டுக்குப் போன வேகத்தில் எங்கள் துணி அலமாரி பல்பையும் பிடுங்கிப் போட்டேன். "என்னாங்க, அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றார் மனைவி. "பல்பு ஜாதியே நமக்கு வேணாம்," என்றேன்.

காலையில் ஆபீசுக்குள் நுழைந்தால் மேசைமேல் கை வைத்த இடமெல்லாம் நனைந்தது. இரவெல்லாம் மேகம் உள்ளே புகுந்து குடியிருந்துவிட்டுப் போயிருக்கிறது. பெட்டியின் உள்பக்கம் முத்து முத்தாக ஈரம். துடைத்தேன், மூடினேன், போட்டேன். டிரைவ் இரண்டு தடவை இருமியது. டிஸ்கைப் படிக்க முடியவில்லை என்று திரை சொன்னது. மறுபடி போட்டேன். மறுபடி சொன்னது.

வாசலில் கார் சத்தம். அதிகாரி.

நான் அப்போது செய்தது என்னவென்றால், நாற்காலியில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். கண்ணுக்கு முன்னால் ரிப்பன் மாற்றிக்கொண்டிருந்த கமலாதான் தெரிந்தார்.

நிஜக் கமலா என் பக்கத்தில் நின்றார். உள்ளே எட்டிப் பார்த்தார். "பல்பு எங்கண்ணே?"

"உடைச்சுட்டேன்."

கமலா தன் அலமாரியைத் திறந்தார். அதில் எரிந்துகொண்டிருந்த பல்பை முந்தானையால் பிடித்துக் கழற்றி, என் கையில் கொடுத்தார். "மாட்டுங்க. மிஷினைப் போடாதீங்க, பல்பை மட்டும் போடுங்க." அப்படியே வாசலுக்குப் போனார். அவர் குரல் கேட்டது, துரையிடம்: "துரை, ஐயாவுக்கு முதல்ல ஃபேக்டரியைச் சுத்திக் காட்டிடலாமே. கொழுந்து இப்பத்தான் வந்திருக்கு, பாக்க நல்லா இருக்கும்."

துரை அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். வழக்கத்துக்கு மாறாக அன்று நிறையப் பேசினார். கொழுந்து வாட்டுகிற தட்டிலிருந்து டீ ருசி பார்க்கிற மேசைவரை ஒன்றையும் விடவில்லை என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நான் பெட்டிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். பல்பைச் சீக்கிரம் எடுத்தால் ஈரம் இருக்கும்; தாமதித்தால் பெட்டி கொதிக்கும், பழைய கதை. இரண்டு தடவை எடுக்கப் போனேன்.

"விடுங்கண்ணே," என்றார் திரும்பி வந்த கமலா. "நீங்க பயந்து எடுக்குறீங்க. காஞ்சிருச்சான்னு பாத்து எடுங்க." உள்ளே விரலை விட்டுத் தகரத்தைத் தடவினார். "இன்னும் கொஞ்சம்." மறுபடி தடவினார். "ம். போதும்."

வராந்தாவில் செருப்புச் சத்தம். வயரைப் பிடுங்கி, பல்பைக் கைக்குட்டையால் பிடித்துக் கழற்றினேன். வைக்க இடம் இல்லை. சிலுவார் பாக்கெட்டில் போட்டுக்கொண்டேன். மூடியைப் போட்டு, சுவிட்சைத் தட்டி, திரும்பி வணக்கம் சொன்னேன்.

கம்ப்யூட்டர் ஓடியது. நான்தான் ஓட முடியாமல் நின்றேன். தொடையில் நாற்பது வாட். கமலா ஆட்களின் பெயர், கொழுந்து எடை, வேலை நாள் எல்லாவற்றையும் அடிக்க அடிக்க, அது கூட்டிக் கழித்துக் காட்டியது. நான் ஒரு காலில் இருந்து மறு காலுக்கு மாறி மாறி விளக்கம் சொன்னேன். அதிகாரி நீண்ட நேரம் பார்த்தார். எனக்கு அதைவிட நீண்ட நேரம். கடைசியில் பெட்டிமேல் கையை வைத்தார்.

"சூடாகவே இல்லையே. எங்க மிஷினுக்குத் தனி ஏர்கண்டிஷன் வேணும்," என்று மலாயில் சொன்னார். பிறகு துரையிடம், "உங்க கிராணிக்கு வேலையில ரொம்ப உற்சாகம். ஒரு இடத்தில நிக்க மாட்டேங்கிறாரே."

"எப்பவும் அப்படித்தான்," என்றார் துரை. அவர் கண் என் பாக்கெட் மேல் இருந்தது. அங்கே வட்டமாகத் துணி பழுத்திருந்தது.

அடுத்த வாரம் வயர்மேனைக் கூப்பிட்டு, மாடிப்படி விளக்குக்கு வைப்பார்களே, அந்த மாதிரி இரண்டு பக்கமும் வேலை செய்கிற சுவிட்ச் ஒன்றைச் சுவரில் வைத்தோம். மேலே தள்ளினால் கம்ப்யூட்டருக்கு மின்சாரம், கீழே தள்ளினால் பல்புக்கு. இரண்டும் சேர்ந்து எரிய வழியே கிடையாது. காலையில் மேலே தள்ளுவதும் மாலையில் கீழே தள்ளுவதும் கமலாவின் பொறுப்பு. எனக்கு அந்தச் சுவிட்சைத் தொட அனுமதி இல்லை.

ஆகவே உங்களுக்கு நான் சொல்வது இதுதான். மிஷின் கெட்டால் மிஷினைப் பார்ப்பதற்கு முன்னால், அது நன்றாக இருக்கட்டும் என்று நீங்கள் ஆசையாக வைத்ததைப் பாருங்கள். காரணம் கிடைத்ததும் அதைத் தூக்கி எறியாதீர்கள். ஒரு டீ குடித்துவிட்டு வந்து, அது எதற்காக அங்கே இருந்தது என்று ஒரு தடவை கேளுங்கள்.

கோலாலம்பூரிலிருந்து டெலிபோன் வந்தபோது கமலாதான் எடுத்தார். கேட்டார், வைத்தார், டைப்ரைட்டருக்குத் திரும்பிப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, "கணக்கு இங்கயேதானாம்," என்றார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ஆனால் வரியின் முடிவில் மணி அடித்த பிறகும் அவர் காகிதம் இல்லாத உருளையில் அடித்துக்கொண்டே போனார்.

"இன்னொண்ணும் சொன்னாங்க. கீழ ஒரு எஸ்டேட்டுக்கும் இதே மாதிரி செஞ்சு தரணுமாம். உங்களைப் பாக்கப் பெரியவங்க கூப்பிடுறாங்க. கோட்டுப் போட்டு வரச் சொன்னாங்க."

என்னிடம் இருந்தது ஒரே கோட்டு, கல்யாணக் கோட்டு. அன்று சாயங்காலம் வீட்டு அலமாரியைத் திறந்தேன். உள்ளே இருட்டாக இருந்தது. கையை விட்டுக் கோட்டை வெளியே எடுத்தேன். காலரிலிருந்து முழங்கைவரை வெல்வெட் மாதிரி பச்சை. அடித்துத் தட்டினேன், எனக்குத் தும்மல்தான் வந்தது.

மறுநாள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். கமலா மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். தன் அலமாரியைத் திறந்து, துணியையெல்லாம் ஒதுக்கி, புதுப் பல்புக்குப் பக்கத்தில் கோட்டைத் தொங்கவிட்டார்.

"நான் சொல்றவரைக்கும் எடுக்காதீங்கண்ணே," என்றார்.